முதலில் மண், அப்புறம் கன்று



வைத்த மரக்கன்று பட்டுப் போனால், "கன்று சொத்தை, தண்ணி பத்தலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் அதே குழியில் இன்னொன்றை வைக்கிறோம். தொழிற்சாலைக் கழிவு பட்ட மண்ணில் இது வீண் செலவு. கனடா நாட்டில் சட்பரி என்ற ஊர்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

1883-ல் அங்கே ரயில் பாதை போடும்போது செம்பும் நிக்கலும் கலந்த தாது அகப்பட்டது. காட்டை வெட்டி விறகை அடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்து, வெட்டவெளியில் மாசக்கணக்கில் எரியவிட்டார்கள். 1929 வரை இந்தச் சூளை எரிந்தது. அதற்குப் பிறகும் உருக்காலைப் புகை ஓயவில்லை. கந்தகப் புகை மண்ணைப் புளிக்க வைத்தது. செம்புத் தூசும் நிக்கல் தூசும் மேல்மண்ணில் படிந்தன. சுமார் 50,000 ஏக்கர் மொட்டைப் பாறையாகப் போயிற்று.

1972-ல் 381 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி கட்டினார்கள். ஊர்க்காற்று தேறியது. மண் தேறவில்லை. ஏன் தெரியுமா? புளித்த மண்ணில் செம்பும் நிக்கலும் கரைந்து வேருக்கு நஞ்சாகிவிடும். வேர் நுனி கருகும், சல்லி வேர் ஓடாது. ஈரம் இருந்தாலும் கன்றால் உறிஞ்ச முடியாது.

மண்ணின் புளிப்பை முறித்தால் செடி பிழைக்கும் என்று லாரன்ஷியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். 1978-ல் வேலை தொடங்கியது. மாணவர்களும் சுரங்க வேலை இழந்தவர்களும் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புக்கல் பொடியைக் குன்றின்மேல் சுமந்து, ஏக்கருக்கு 4 டன் வீதம் கையாலேயே தூவினார்கள். உரமும், புல், பயறினச் செடி விதைகளும் போட்டார்கள். உலோகம் மண்ணிலேயேதான் இருந்தது. ஆனால் வேருக்கு எட்டாமல் அடங்கிப் போயிற்று. காற்றில் வந்த விதைகூடத் தானாக முளைத்தது. பிறகுதான் பைன் கன்றுகளை நட்டார்கள். 2022-க்குள் நட்டது 1 கோடி மரம்!

இதைக் கேட்டு உடனே சுண்ணாம்பு வாங்க ஓடாதீர்கள். நம் பக்கத்துத் தோல் ஆலை, சாயப்பட்டறைக் கழிவு பட்ட நிலத்தில் பெரும்பாலும் உப்புதான் தொல்லை. அதற்குச் சுண்ணாம்பு மருந்தல்ல. பட்டுப் போன கன்றைத் தோண்டி வேரைப் பாருங்கள். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நோய் இன்னதென்று தெரிந்து மண்ணுக்கு வைத்தியம் பாருங்கள். கன்று அதற்கு அப்புறம்.