தோலுக்கும் தீனி வேண்டும்

பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் தோல் இருக்கைக்குப் பேர்போனவர்கள் லண்டன் கானலி சகோதரர்கள். 1878-இல் கடை ஆரம்பித்து, குதிரைச் சேணத்திலிருந்து காருக்கு வந்தவர்கள். அவர்கள் விற்ற களிம்பின் பெயரே 'ஹைட் ஃபுட்', அதாவது தோலுக்குத் தீனி!

பெயரில் விஷயம் இருக்கிறது. பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பது அதனால்தான். வருஷக்கணக்கில் வெயிலில் நின்றால் ஈரமும் எண்ணெயும் குறைந்து, தோல் விறைத்து வெடிக்கும்.

அழுக்கை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தோல் களிம்பைக் கொஞ்சமாகத் தேய்த்து ஒரு நாள் பொறுங்கள்; தேவையானால் மறுபடியும். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்பும் சிக்கு வாடையும்தான் மிஞ்சும். விரலில் பொடியாக ஒட்டும் தோலை எந்தக் களிம்பும் மீட்காது.

கானலியின் தோல் ஆலை 2002-இல் மூடப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் எழுதி முடித்த கார்தானே என்று ரெக்ஸின் போடுமுன் யோசியுங்கள். கழற்றி எறிந்த தோல் திரும்பி வராது.