பசலி ஆண்டு

தமிழ்நாட்டின் நிலவரிக் கணக்குகளில் வழங்கும் ஆண்டு. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். இந்துஸ்தானியில் அது விளைச்சலையும் குறிக்கும்.

முகலாய அரசின் ஆண்டு ஹிஜ்ரி. பிறைக் கணக்கு என்பதால் 354 அல்லது 355 நாள்தான். பயிரோ வெயிலையும் மழையையும் பார்த்து விளைவது. ஆண்டுப் பிறப்பு பதினொரு நாள் வீதம் முன்னால் நகர்ந்துகொண்டே போனால், கதிர் முற்றும் முன்பே வரி கேட்டு ஆள் வந்து நிற்பான். எனவே அக்பர் ஆட்சியில், அவர் பட்டமேறிய ஹிஜ்ரி 963ஐ (கி.பி. 1556) அடியாகக் கொண்டு, எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் சூரியக் கணக்குக்கு மாற்றினார்கள்.

தக்காணத்துக்கு இம்முறை ஷாஜகான் காலத்தில், 1636இல் வந்தது. அப்போதைய ஹிஜ்ரி 1046. அந்த எண்ணிலிருந்தே இங்கே தொடங்கினார்கள். வடக்குப் பசலி அதற்குள் பின்தங்கிவிட்டிருந்தது. அதனால் வடக்கும் தெற்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் வேறுபடுகின்றன.

1947 ஆகஸ்ட் 15ஐ எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பஞ்சாங்கப்படி சர்வசித்து ஆண்டு, ஆடி மாதக் கடைசி. சக ஆண்டு 1869. கொல்லம் 1122 முடிய ஓரிரு நாளே பாக்கி. ஹிஜ்ரி 1366, ரம்ஜான் மாதம். தாலுகா கச்சேரியில் மட்டும் பசலி 1357. 1636இல் ஒரே எண்ணாக இருந்த ஹிஜ்ரியும் பசலியும் 311 ஆண்டில் ஒன்பது எண் விலகிவிட்டன. கணக்கில் பிழையில்லை, பிறை ஓடிய ஓட்டம் அது.

சென்னை மாகாணத்தில் பசலி முதலில் ஆடி முதல் நாளில் பிறந்தது. ஆங்கிலேயர் அதை ஜூலை நடுவில் ஒரு தேதிக்கு மாற்றி, 1855 வாக்கில் ஜூலை 1 என்று நிலைப்படுத்தினார்கள். நாள் பார்க்கவோ பண்டிகைக்கோ யாரும் பசலியைத் தேடுவதில்லை. அடங்கலிலும் தீர்வை ரசீதிலும் அது இன்றும் உண்டு. ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கையாவதும் பசலிவாரியாகத்தான்.

பழைய ரசீதைப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜூலை முதல் டிசம்பர் வரையிலான தேதிக்குப் பசலியோடு 590ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை 591. பசலி 1360, தை மாதம் என்றிருந்தால் அது 1951, 1950 அல்ல.