வழிக்கு நாலு உருண்டை

போன மாசி மாசம் அக்கா பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வெள்ளியங்கிரி மலை ஏறப் போறானாம். முதுகுப் பையைப் பிரிச்சப்ப பளபளன்னு காகிதம் சுத்தின பட்டை பட்டையா ஏதோ பத்துப் பதினஞ்சு விழுந்துச்சு.

"என்ன மாப்ள இது?"

"எனர்ஜி பார் மாமா. ஏறும்போது தெம்புக்கு. ஒண்ணு 60 ரூபாய்."

பின்னாடி பொடி எழுத்துல இருந்ததைப் படிச்சேன். நிலக்கடலை, ஓட்ஸ், சர்க்கரைப் பாகு, பாகில் ஊறின இஞ்சி, உலர்ந்த பழம். எங்கம்மா ஒண்ணை வாங்கி ஓரத்தைக் கடிச்சுப் பார்த்துட்டு, "பொரிவிளங்கா உருண்டையை எதுக்குச் சாமி இப்படித் தட்டையாத் தட்டி வச்சிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. அப்புறம் அவன் எங்க உருண்டைக்குச் செய்முறை கேட்டான். சொல்ல ஆரம்பிச்சேன், அது எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போயிருச்சு.

எங்க ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறது எங்க வீட்டில் எத்தனை தலைமுறையா நடக்குதுன்னு யாருக்கும் கணக்குத் தெரியாது. ஈரோடு, அரச்சலூர், காங்கயம், தாராபுரம் வழியா நாலு நாள் நடை. இப்போ வழி நெடுக அன்னதானப் பந்தல் இருக்கு. எங்க அப்பாரு நடந்த காலத்தில் அவ்வளவெல்லாம் கிடையாது. முதல் நாளைக்குப் புளிச்சோறு, அதுக்கப்புறம் மடியில் கட்டின பொரிவிளங்கா உருண்டைதான்.

பாசிப்பருப்பு, அரிசி, கொஞ்சம் கோதுமை எல்லாத்தையும் தனித்தனியா வாசம் வர வறுத்து, திரிச்சு, வறுத்த தேங்காய்ப் பல்லும் சுக்குப் பொடியும் ஏலமும் கலந்து, கெட்டிப் பாகில் கொட்டிக் கிளறி, கை பொறுக்காத சூட்டிலேயே உருட்டணும். ஆறினால் பல்லு உடையும். ஒண்ணை வாயில் அடக்கினால் காங்கயத்துல இருந்து ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் கரையும்னு அப்பாரு சொல்வார். இதைப் 'பொருள் விளங்கா உருண்டை'ன்னும் சொல்றாங்க. உள்ளே என்ன இருக்குன்னு விளங்காததால அந்தப் பேராம். விளாங்காய் மாதிரி கெட்டியா உருண்டையா இருக்கறதால வந்த பேருன்னு இன்னொரு கட்சி. நான் விளாங்காய்க் கட்சி.

இது மாசக்கணக்கில் கெடாம இருக்கக் காரணம் பாகுதான். பாகு காய்ச்சறதுன்னா வேற ஒண்ணுமில்ல, தண்ணியை விரட்டறது. ரெண்டு விரலுக்கு நடுவில் நூலா இழுத்தா கம்பிப் பதம். தண்ணியில் விட்டு உருட்ட வந்தா உருட்டுப் பதம். தட்டில் போட்டா 'ணங்'குன்னு சத்தம் கேட்டா கல் பதம். ஒவ்வொரு பதத்துக்கும் தண்ணி குறையும், நாள் கூடும். மிச்சமிருக்கற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் சர்க்கரை பிடிச்சு வச்சுக்கறதால பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்காது. எங்க ஆத்தாவுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. 'ணங்' தெரியும்.

இஞ்சியும் அப்படித்தான். இஞ்சியை அரைச்சுச் சாறு பிழிஞ்சு கொஞ்ச நேரம் வச்சா அடியில் வெள்ளையாப் படியும். சுண்ணாம்புன்னு சொல்லிக் கொட்டிருவாங்க. உண்மையில் அது மாவுச்சத்து. தெளிஞ்ச சாறோட வெல்லம் சேர்த்துக் காய்ச்சி, நுரை கட்டி வரும்போது தட்டில் ஊத்தி வில்லை போட்டா இஞ்சி மொரப்பா. பஸ் ஸ்டாண்டில் "பித்தத்துக்கு நல்லதுங்க"ன்னு கூவி விக்கறாங்களே, அதே. பேர் மட்டும் நம்மூர் இல்லை. 'முரப்பா' அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியா நடந்து வந்த சொல். பதிலுக்கு இங்கிருந்தும் ஒரு சொல் அந்தப் பக்கம் போயிருக்கு. துண்டுன்னு பொருள்படும் வடமொழிக் 'கண்டம்' பாரசீகத்தில் 'கந்த்' ஆகி, அரபி, பிரெஞ்சு எல்லாம் தாண்டி இங்கிலீஷில் 'கேண்டி' ஆச்சு. நம்ம கற்கண்டில் இருக்கற 'கண்டு'ம் அதே குடும்பம்தான். கி.பி. 647-ல் சீனப் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சக் கத்துக்கிட்டு வரச் சொல்லி மகதத்துக்கு ஆள் அனுப்பியிருக்கார். அந்தத் தொழில்ல அப்பவே நம்ம நாடுதான் வாத்தியார்.

கரும்பு நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டு வந்ததா ஔவையார் புறநானூற்றில் சொல்றாங்க. ஆனா எங்க வீட்டு உருண்டைக்குள்ள கரும்பு வந்து எழுபது வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி கருப்பட்டி. எங்க பக்கம் பூரா மானாவாரிக் காடு, வரப்பெல்லாம் பனை. 1955-ல் பவானிசாகர் அணைக்கட்டு முடிஞ்சு கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி வந்தப்புறம் காடு வயலாச்சு. பனையை வெட்டிட்டுக் கரும்பு நட்டோம். ஊருக்குள்ள ஆலை சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. அப்பாரு கடைசி வரைக்கும் வெல்ல உருண்டையைத் தின்னுட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது உருண்டை இல்லே"ன்னுதான் சொன்னார்.

நிலக்கடலை சேர்ந்ததும் இப்படித்தான். தென் அமெரிக்காச் செடி, கடல் தாண்டி வந்தது. தென்னாற்காட்டுப் பக்கம் இன்னிக்கும் மணிலாக்கொட்டை, மல்லாட்டைன்னு பிலிப்பைன்ஸ் துறைமுகத்தோட பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாப் போன சரக்கு அது. இங்கே தங்கினது வெல்லப் பாகில் விழுந்து கடலை மிட்டாய் ஆச்சு. கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருச்சு.

பழனியில் இருந்து திரும்பும்போது வர்றது பஞ்சாமிர்தம். விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம். தண்ணி ஒரு சொட்டு கிடையாது, அதனால்தான் தாங்குது. இதுக்கு 2019-லயே குறியீடு. அதுக்கான நாட்டுச் சர்க்கரையைத் தேவஸ்தானம் எங்க கவுந்தப்பாடிச் சந்தையில் ஏலம் எடுக்குது. அதாவது எங்க கொப்பரைச் சர்க்கரை போகும்போது உருண்டையாப் போய், வரும்போது பஞ்சாமிர்தமா வரும். சின்ன வயசில் எனக்கு இதில் அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமையை ஒரு வருஷம் நானே கெடுத்துக்கிட்டேன். செய்முறை கேட்டவன்கிட்ட இதையும் சொல்லித்தானே ஆகணும்.

அப்பா இறந்தப்புறம் ஆலையை நான் பார்த்துக்கிட்டேன். வெல்லத்தைச் சிப்பம் கட்டி ஒரு மண்டிக்குக் கொண்டு போனேன். மண்டிக்காரர் ஒரு அச்சை எடுத்து வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்துட்டு, "கறுப்பா இருக்கே, டவுன்காரங்க தொட மாட்டாங்களே"ன்னார். பக்கத்துல மஞ்சளா ஒரு குவியல், தங்கம் மாதிரி. சிப்பத்துக்கு அதுக்கும் என்னுதுக்கும் 200 ரூபாய் வித்தியாசம். எப்படி அந்த நிறம்னு கேட்டேன். ஹைட்ரோஸ்ன்னு மெதுவாச் சொன்னார். துணி வெளுக்கற ரசாயனம். அதுவரைக்கும் நாங்க அழுக்கெடுக்க வெண்டைத் தண்டை நசுக்கி அந்தக் கொழகொழப்பைத்தான் கொப்பரையில் விடுவோம். அது அழுக்கை எடுக்கும், நிறத்தை எடுக்காது.

அந்தப் பட்டம் பூரா நான் ஹைட்ரோஸ் போட்டேன். வெல்லம் மஞ்சளா வந்துச்சு. விலையும் வந்துச்சு, கடனும் அடைஞ்சுது.

தை வந்துச்சு. அம்மா பருப்பு வறுத்து எல்லாம் தயார் பண்ணினாங்க. நான் நம்ம ஆலை வெல்லத்தில் ரெண்டு கிலோ கொண்டு போய் வச்சேன். அம்மா ஒரு துண்டை மோந்து பார்த்தாங்க. திட்டலை. மேல் அலமாரியில் தூக்கி வச்சுட்டு, சேலையை உதறிக் கட்டிக்கிட்டு, கிழக்குத் தெருவில் பனையேறிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்க் கருப்பட்டி வாங்கிட்டு வந்தாங்க. நாப்பது பேர் நடக்கற கூட்டத்தில் ஆலைக்காரன் வீட்டு உருண்டை கருப்பட்டி உருண்டை. யாரும் ஒண்ணும் கேட்கலை. அதுதான் தாங்க முடியலை.

அலமாரியில் வச்ச வெல்லம் ஆடி மாசத்துக்குள்ள மறுபடியும் கறுத்துப் போச்சு. வெளுத்த நிறம் அவ்வளவு நாள்தான் நிற்கும்.

அடுத்த பட்டத்தில் இருந்து வெண்டைத் தண்டுக்குத் திரும்பிட்டேன். விலை குறைச்சல்தான். ரெண்டு வருஷம் பொறுத்து ஆலையை நிறுத்திட்டு கரும்பை மில்லுக்கு அனுப்ப வேண்டியதாச்சு. வெட்டற ஆளுக்கும் அடுப்பு எரிக்கற ஆளுக்கும் கூலி கட்டுப்படியாகலை. இப்போ பட்டத்துக்கு ஒரே ஒரு கொப்பரை, தெரிஞ்சவர் ஆலையில் வாடகைக்கு ஆட்டி, வீட்டுக்கும் நாலைஞ்சு பேருக்கும் மட்டும். நீங்க கடையில் வெல்லம் வாங்கும்போது மஞ்சளைத் தேடாதீங்கன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியலை. இருந்தாலும் தேடாதீங்க.

மாப்பிள்ளை அஞ்சு உருண்டை கட்டிக்கிட்டுப் போனான். ராத்திரி ஏறி விடியக்காலையில் உச்சியில் இருந்து போன் பண்ணினான். காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேட்கலை. "மாமா, நாலாவது மலையில வாயில போட்டது, இன்னும் கரையலை"ன்னு மட்டும் கேட்டுச்சு. அம்மாகிட்ட சொன்னேன்.

"பாகு ஒரு பதம் கூடிப் போச்சு"ன்னாங்க.