திருநலக்குன்றம்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவில், வானம் பார்த்த வயல்களினிடையே தனித்து நிற்கும் ஒரு கற்குன்றின் கீழ்ப்பால் அடிவாரத்தே அமைந்த சிற்றூர் குடுமியான்மலையாகும். பண்டைக் கல்வெட்டுக்கள் இதனைத் திருநலக்குன்றம் எனக் குறிக்கும். பின்னர்ச் சிகாநல்லூர் எனவும் வழங்கிற்று. இறைவன் தமக்குப் பூசனை புரிந்தாரைக் காத்தற்பொருட்டுச் சிவலிங்கத் திருமேனியிற் குடுமி காட்டியருளினார் என்பது தலவரலாறு. சிகாநாதர் என்னுந் திருநாமமும் இக்கால ஊர்ப்பெயரும் அதுபற்றி வந்தனவாம்.

தேவாரப் பதிகம் பெற்ற தலங்களுள் இஃது ஒன்றன்று. எனினும், சைவநன்மக்கள் கண்டு போற்றுதற்குரிய சிறப்பொன்று இக்குன்றிற்கு உண்டு. அடிவாரத்துப் பெருங்கோயிலின் பின்னர், குன்றின் சரிவிலே மேலைக்கோயில் என்னுங் குடைவரை உளது. அதன் தென்பாற் பாறையில், வலம்புரி விநாயகர் திருவுருவத்திற்கு அணித்தாக, இசைக் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. கிரந்த எழுத்தில் அமைந்த இது, மத்திமக்கிராமம் முதற் கைசிகம் ஈறாக ஏழு இராகங்களுக்குரிய சுரங்களை நந்நான்காக வகுத்துக் காட்டுகின்றது. 1904-ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பெற்றுப் பின்னர் எபிகிராபியா இண்டிகா 12-ஆந் தொகுதியில் வெளியிடப்பெற்றது.

இதனைச் செய்வித்தவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் என்பார் பலர். எழுத்தமைதி ஏழாம் நூற்றாண்டை ஒட்டியதாதலும், அவ்வரசன் கலைவல்லனாதலும் அவர்தங் கருத்திற்குத் துணையாவன. ஆயின், கல்வெட்டில் அரசன் பெயர் யாண்டுங் காணப்படவில்லை; பல்லவர் ஆட்சி இப்பகுதியில் நிலவிற்று என்பதும் ஐயப்பாட்டிற்கு உரியது. ஆதலின், அதனைத் துணிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கல் உரைப்பது வேறு. உருத்திராசாரியர்க்கு மாணாக்கனாகிய, பரமமாகேசுவரனாகிய அரசன் ஒருவன், மாணாக்கர் நலங்கருதி இவற்றைச் செய்தனன் என்பதே அதன் முடிவுரை. தன் பெயரைப் பொறியாது விடுத்த மன்னன் தன் ஆசிரியர் பெயரை மறவாது பொறித்தான். நிலக்கொடையும் போர்வெற்றியும் கூறுதற்குப் பயன்படுங் கல்லினை மாணவர்க்கு ஏடாக்கினான். தன் பெயரினும் குருவின் பெயர் நிலைபெறுதலே தக்கதென எண்ணினான் போலும்.

இக்குன்றின் மேற்பகுதியிலே, விடைமேல் அம்மையப்பர் வீற்றிருக்க, அறுபத்துமூன்று நாயன்மார் திருவுருவங்கள் வரிசையாகப் புடைத்துச் செதுக்கப்பட்டுள்ளன. வெவ்வேறு காலத்துச் சிற்பியர் உளிகள் தம்முட் கலந்து செய்தனவல்ல இவை. எனினும், குடைவரையில் இலிங்கமும், கல்வெட்டிற் குருவும், உச்சிப்பாறையில் அடியார் திருக்கூட்டமும் ஆக, சைவர் வழிபடும் குரு, இலிங்க, சங்கமம் மூன்றும் ஒரு கல்லிலே கூடின. அரசன் எவன் என்னும் ஆராய்ச்சி தொடர்க. அவன் தன்னை மறைத்துக் காட்டியதனை அன்பர்கள் சென்று கண்டு வழிபடுவாராக.