கட்டத்துக்குள் அடங்காத தமிழ்

வத்தேகமவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் 'செக்றோல்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. தொழிலாளியின் பெயர், வேலை செய்த நாள், கழிவு, கைக்கு வரும் தொகை ஆகியவற்றைக் கோடிட்ட கட்டங்களில் காட்டும் பதிவேடு அது. கட்டம் ஒன்று இடம் மாறினால், ஒருவரின் கூலி மற்றொருவருடையதாகத் தோன்றிவிடும். இத்தகைய கட்டங்களும் தமிழ் எழுத்தும் ஒரே தாளில் ஒழுங்காக அமைவது எத்துணை கடினம் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கண்டவன் நான்.

ஈய அச்சுக் காலத்தில் இச்சிக்கல் இருக்கவில்லை. அச்சுக்கோப்பவர் பத்திகளுக்கிடையே பித்தளைக் கோட்டை நிறுத்துவார். எஞ்சிய வெளியை ஈயத்துண்டுகளால் நிரப்புவார். எழுத்தின் அகலம் எதுவாயினும் கோடு நேராகவே நிற்கும்.

தட்டச்சுப் பொறியோடுதான் சம அகலம் என்ற கட்டாயம் வந்தது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கியபோது இதனை எதிர்கொண்டார். விசையைத் தட்டுந்தோறும் தாள் ஒரே அளவே நகரும். 'ர'வுக்கும் 'ண'வுக்கும் அதே இடந்தான். புள்ளி போன்ற குறிகளுக்குத் தாளை நகர்த்தாத விசைகள் அமைந்தன. அட்டவணையின் குத்துக்கோடுகளை அடிமட்டம் வைத்துப் பேனாவால் வரைவதே வழக்கமாயிற்று.

1981இல் வந்த ஐ.பி.எம். கணினி, 179 முதல் 218 வரையான 40 இடங்களைக் கோட்டுருக்களுக்கு ஒதுக்கியது. 179 குத்துக்கோடு, 196 கிடைக்கோடு. எப்சன் புள்ளி அச்சுப்பொறியில் சாய்வெழுத்து அட்டவணை தெரிவாகியிருந்தால், கிடைக்கோடு சாய்ந்த ஆங்கில 'டி' வரிசையாகவும், குத்துக்கோடு சாய்ந்த '3' ஆகவும் அச்சாகும்.

1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழர் கலந்துரையாடி உருவாக்கிய திஸ்கி குறியேற்றம், தமிழை 128க்கு மேற்பட்ட இடங்களில் அமர்த்தியது. அங்கே 179 'ஐ', 196 'ல'. பழைய அட்டவணையைத் திஸ்கி எழுத்துருவில் திறந்தால், கோட்டுக்குப் பதில் 'லலலல' என்று ஓடும். தமிழ் வேண்டுமா, கோடு வேண்டுமா என்று தெரிவு செய்யவேண்டிய நிலை!

1991இல் வெளியான யூனிக்கோடு இரண்டுக்கும் தனித்தனி இடம் தந்து இம்மோதலை நீக்கியது. அகலச் சிக்கலை அது தீர்க்கவில்லை. அது எழுத்துருவின் பொறுப்பு. கூரியர் நியூ, டெஜாவு சான்ஸ் மோனோ ஆகியவற்றில் கோட்டுருக்கள் உண்டு, தமிழ் இல்லை. கணினி தமிழை வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் பெறுகிறது. தமிழ்ப் பெயர் வந்த வரியில் மட்டும் வலப்பக்கக் கோடு விலகுவது இதனால்தான்.

கோட்டுருக்களையே பயன்படுத்த வேண்டியவர்கள், தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்து, அதன் வலக்கோட்டை விட்டுவிடுங்கள். வரி இடைவெளியையும் இறுக்குங்கள். இல்லையேல் குத்துக்கோடு துண்டுதுண்டாகும். சொற்செயலி உள்ளவர்கள் அதன் அட்டவணை வசதியையே நாடலாம். அங்கே எழுத்துக்கு ஏற்பக் கட்டத்தை விரிக்க முடியும். ஈயம் கோத்தவர்கள் செய்ததும் அதைத்தானே?