முகமலர்ச்சியும் முன்னேற்பாடும்

விருந்தோம்பல் தமிழர்தம் இல்லறத்தின் தலையாய கடமையாகும். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் இறுதிக் குறளில் விருந்தினரின் உள்ள மென்மையை அனிச்ச மலரினும் மெல்லியதாகக் காட்டினார். விருந்தளிப்பவரின் முகம் சற்றே மாறினும் வந்தவர் உள்ளம் வாடும். எனவே, விருந்தின் முதற்பொருள் சோறன்று, முகமலர்ச்சியே.

அம்முகமலர்ச்சி எங்ஙனம் நிலைக்கும்? விடியுமுன் எழுந்து அடுப்படியிலேயே களைத்துப் போனவரிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று. அதற்கு முன்னேற்பாடு வேண்டும். பொருட்பாலில் அடுத்தடுத்து நிற்கும் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல் ஆகிய அதிகாரங்கள் அரசர்க்கு உரைக்கப்பட்டனவாயினும் இல்லத்தார்க்கும் பொருந்துவனவே. பினாங்குத் தமிழர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்த பின்னர், தமிழ் வணிகரும் தொழிலாளரும் ஜார்ஜ் டவுனில் வந்து சேர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கு வீதியில் கிட்டங்கிகள் அமைத்தனர். தண்ணீர்மலையில் அவர்கள்தம் முருகன் கோயில் 1850களில் எழுந்தது; 1894இல் வெள்ளி ரதம் வந்தது. தைப்பூசத்திற்கு முன்னாள் ரதம் நகரிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை சேரும். விழாவில் அன்னதானம் சிறப்பிடம் பெறும்.

பெருந்திரளுக்குச் சோறிடும் இப்பணி எவ்வாறு இயன்றது? வணிக வருவாயில் ஒரு சிறு பங்கை மகமை என அறத்திற்கு ஒதுக்குவது நகரத்தார் வழக்கம். ஆதலின், இலை விரிப்பதற்கு வெகுநாள் முன்னரே விருந்துக்குரிய பொருள் சேர்ந்துவிடும். சமைப்போர், பரிமாறுவோர் எனப் பணியும் பலர்மேல் பகிர்ந்து நின்றது. ஒருவர் தலையில் முழுச்சுமையும் ஏறவில்லை.

வலியறிந்து விருந்திடும் பாடத்தைப் போர்க்காலம் கற்பித்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1945 செப்டம்பர் வரை நீடித்த அக்காலத்தில் அரிசி அருகியது. மரவள்ளிக்கிழங்கே பலர்க்கும் உணவாயிற்று. இருப்பதை அளந்து பகிர்வதே அன்றைய விருந்து. இலையில் கறிவகை குறைந்தமையால் விருந்தின் மாண்பு குறைந்துவிடுவதில்லை.

இனி, இல்லத்துத் தீபாவளியை நோக்குவோம். பினாங்குத் தாய்மார் காலமறிந்து வகுத்த ஒழுங்கு வியப்புக்குரியது. எண்ணெயில் வெந்து ஈரம் நீங்கிய முறுக்கும் அச்சு முறுக்கும் மூடிய டின்களில் பலநாள் கெடாதிருக்கும்; ஆகவே அவை முதலில் முடிக்கப்படும். அதிரச மாவு பாகோடு சேர்ந்து பதப்படச் சில நாள் வேண்டும். சௌரஸ்தா சந்தையிலும் பினாங்கு வீதிக் கடைகளிலும் சரக்கு வாங்குதல் அடுத்த பணி. தோசை மாவு முந்திய மாலை அரைக்கப்பெற்று இரவில் புளிக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி விரைவில் கெடுமாதலின், அதுமட்டும் பண்டிகைக் காலைக்கு ஒதுக்கப்படும். கெடாததை முன்னும் கெடுவதைப் பின்னும் வைக்கும் இவ்வொழுங்கு ஏட்டில் எழுதாத அறிவியலன்றோ!

மலாய், சீன நண்பர்களும் வந்து உண்ணும் திறந்த இல்ல உபசரிப்பு இந்நாட்டின் சிறப்பு. முஸ்லிம் விருந்தினர்க்கு ஹலால் இறைச்சியும், புலால் மறுத்தோர்க்குத் தனிப் பாத்திரமும் முன்கூட்டியே எண்ணி வைத்தல் வேண்டும். அவர்தம் நெறியை வருமுன்னரே மதிப்பதும் விருந்தோம்பலே.

எனினும், ஒரு குறையை மறைத்தல் ஆகாது. கோயிற் பந்தியில் பலர் பகிர்ந்த பணி, இல்லத்தில் பெரும்பாலும் ஒரு பெண்ணின்மேல் விழுந்தது. ஊரார் உண்டபின் எஞ்சியதை உண்டவள் தாய். அதனைத் தியாகம் எனப் புகழ்ந்து அமைதல் எளிது. பகிர்ந்து குறைப்பதே அறம். பட்டியல் எழுத மகனும், சந்தை செல்லத் தந்தையும், தேங்காய் துருவவும் இலை எடுக்கவும் இளையோரும் முன்வருவராயின், தாயும் முதற்பந்தியில் அமர்வாள்.

மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விருந்தினர் முகம் வாடாதிருத்தல் பழந்தமிழர் காட்டிய நெறி. விருந்திடும் தாயின் முகமும் வாடாதிருக்கும் நாளே அந்நெறி முழுமை பெறும் நாளாகும்.