கார் ரிப்பேர்: நாமே ஸ்பேனர் பிடிக்கலாமா, ஒர்க் ஷாப்பில் விடணுமா? எது லாபம், எது ஆபத்து, சட்டம் என்ன சொல்லுது?

சேலம் – உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் தியாகதுருகத்தில் கார் வைத்திருப்பவருக்கு ரெண்டு விதமான ஓட்டம் உண்டு. ஒன்று, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிற ஓட்டம். இன்னொன்று, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை ஏறி இறங்குகிற ஓட்டம். முதலாவதில் டயரும் ஆயிலும் பேசும். ரெண்டாவதில் பிரேக்தான் பேசும்.

வண்டியில் சின்னதா ஒரு சத்தம் வந்தாலே கேள்வி ஆரம்பிச்சிடும். கம்பெனி சர்வீஸுக்கு விட்டால் பில் எகிறும், ஒரு நாள் வேலை போகும். தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டால் செலவு குறையும், ஆனால் வாரன்ட்டி என்ன ஆகும்? யூடியூப்பைப் பார்த்து நாமே செய்தால் என்ன? இந்த மூன்றில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்று பார்க்கலாம்.

முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வி

செலவு எவ்வளவு என்பது ரெண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நான் செய்கிற வேலையில் தப்பு நடந்தால் வண்டி கிளம்பாமல் நிற்குமா, இல்லை நிற்காமல் ஓடுமா?

கிளம்பாமல் நின்றால் நஷ்டம் பணமும் நேரமும் மட்டும்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு சரிசெய்து கொள்ளலாம். நிற்காமல் ஓடினால் உயிர்ச் சேதம். நம்ம உயிர் மட்டுமல்ல, எதிரே பைக்கில் வருகிறவர் உயிரும்தான்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவை

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பிளேடு, ஃப்யூஸ், அதே வாட்ஸ் கொண்ட பல்பு, பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்வது, டயர் காற்று பார்ப்பது, ஸ்டெப்னி மாற்றுவது. இதற்கெல்லாம் பெரிய கருவி தேவையில்லை. வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் பெரும்பாலும் படத்தோடு விளக்கம் இருக்கும். ஆனாலும் சில விஷயங்களில் கவனம் வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனை. மாட்டும்போது அதுதான் கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு பொறி பறக்கும்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் போடக் கூடாது. ஃப்யூஸ் போவது நோய் அல்ல, நோயின் அறிகுறி. பெரிய ஃப்யூஸ் போட்டால் அது தாங்கும், வயர் தாங்காது. தீப்பிடிக்க அதுவே போதும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் நம்ம பக்கம் அதிகம். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும். மேனுவல் சொல்லும் கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ஸ்டெப்னி மாற்றும்போது, டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். முடுக்கும்போது எதிர் எதிர் நட்டாக முடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பழகியவர் மட்டும் செய்ய வேண்டியவை

என்ஜின் ஆயில் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் போக வேண்டியிருக்கும், சிக்கலே அங்கேதான். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் வைத்து முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம், திடீரென்று நொறுங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் அடியில் போகலாம். ஸ்டாண்ட் இல்லையா? இந்த வேலையை பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி அமலில் இருக்கிறது. பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். தவறான ரக ஆயில் எரிந்து வரும் சாம்பல் அதை மெல்ல அடைத்துவிடும். ஆயிலில் மிச்சம் பிடிக்கப் போய், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வடிகட்டிக்குச் செலவழிக்க வேண்டிவரும்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்றக் கூடாது. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கை வைக்கவே கூடாதவை

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக், எரிபொருள் குழாய், ஹைபிரிட் மற்றும் மின்சார கார்களின் ஆரஞ்சு நிற வயர்கள். இவை எல்லாம் ஒர்க் ஷாப் வேலை.

ஏன் பிரேக்கை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டாகும். அப்போது பெடல் 'பொதுக்'கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயில் மாற்றும்போது குழாயில் காற்று தங்கிவிட்டாலும் இதே கதைதான். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் அந்தக் காற்றை முழுசாக வெளியேற்ற ஸ்கேனர் கருவி தேவை. வாசலில் அது நடக்காது.

மலை இறக்கத்தில் முதல் அல்லது ரெண்டாவது கியரில் இறங்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் டிரைவர் செய்ய வேண்டியது. மிச்சத்தை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியே ரிப்பேர் செய்தால் வாரன்ட்டி போய்விடுமா?

பலரையும் பயமுறுத்துகிற கேள்வி இது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் சட்டப் போராட்டத்தில் இறங்கின.

அந்த உத்தரவில் நமக்கு முக்கியமான வரி வாரன்ட்டி பற்றியது. வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்தப் பாகம் கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது ஆணையம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 'பழுது நீக்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடக்கம்.

ஆனால் நடைமுறையில் வாக்குவாதம் வரத்தான் செய்யும். உங்கள் பக்கம் ஆதாரம் இருக்கணும். நீங்களே ஃபில்டர் மாற்றினாலும் பில், தேதி, கிலோமீட்டர், ஒரு போட்டோ ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வயரை வெட்டி விளக்கோ ஹாரனோ இணைத்தால், எலெக்ட்ரிக்கல் வாரன்ட்டி கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மாடிஃபிகேஷன்: சட்டம் எங்கே கோடு போடுது?

ரிப்பேர் என்பது இருந்ததை இருந்தபடி ஆக்குவது. மாடிஃபிகேஷன் என்பது இல்லாததைச் சேர்ப்பது. சட்டம் ரெண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

நிறம் மாற்றுவதும், அங்கீகரிக்கப்பட்ட சிஎன்ஜி கிட் பொருத்துவதும் முடியும். ஆனால் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கிட் பொருத்துவது அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான், வீட்டில் அல்ல.

முன்னால் மாட்டும் புல் பார் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பக்கத்தைத் தாண்டி, விசை நேராக சேசிஸுக்குப் போய்விடும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. நடந்து போகிறவருக்கு இரும்புக் கம்பி இன்னும் ஆபத்து.

கண்ணாடி ஃபிலிம் விஷயத்தில் 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தது. பிறகு விதி திருத்தப்பட்டதைக் காட்டி, முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவினால் விதிக்குட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அடர்ந்த கறுப்பு எங்கேயும் செல்லாது.

இன்னொன்று இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குக் காரணம் என்று தெரிந்தால் கிளெய்மில் சிக்கல் வரும். எதைச் சேர்த்தாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒர்க் ஷாப்பில் விடும்போது கேட்க வேண்டியவை

பணம் கொடுத்துச் செய்வது என்று முடிவெடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விட வேண்டாம்.

* வேலைக்கு முன் எஸ்டிமேட் கேளுங்கள். அதைத் தாண்டினால் போன் செய்து கேட்ட பிறகே செய்யச் சொல்லுங்கள்.
* உதிரிபாகம், லேபர், ஜிஎஸ்டி மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்.
* மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.
* பிரேக் வேலை என்றால், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வேலை சரியில்லை, பேசியும் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

கார் வேலை பழக வேண்டும் என்று ஆசை இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். அதற்கு அடுத்த வாரமே மலைக்குப் போகிற திட்டம் இருக்கிறதா? அப்படியென்றால் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புக்கைப் புரட்டிப் பாருங்கள். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தால், முதலில் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அப்புறம் வெள்ளிமலைக்குக் கிளம்புங்கள்.